பிப்ரவரி 30-ஐ ஏற்றுக்கொண்ட நிரல்: உங்களுக்கும் நேர்ந்ததா?

கரிசல்காரன்:
ஒரு மருத்துவமனைக்கு ஜாவாவில் எழுதிய நோயாளிப் பதிவு. தேதியைப் படிக்க ஜாவாவிலேயே சிம்பிள்டேட்ஃபார்மட் இருக்கிறதே, தவறான தேதி வந்தால் எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) எறியும் என்று நம்பியிருந்தேன். வரவேற்பு மேசைப் பெண் என் கண்ணெதிரே 30/02/2011 என்று தட்டினார். அச்சாகி வந்த அட்டையில் 02/03/2011. "நான் தவறாகப் போட்டால் தவறு என்று சொல்ல வேண்டாமா சார்? அதுவாக ஏன் வேறு தேதியைப் போடுகிறது?" என்று கேட்டார். தவறான தேதியையும் சரிக்கட்டி ஏற்கும் தாராளத்தை நிறுத்த, செட்லீனியன்ட்டை ஃபால்ஸ் ஆக்கினேன், ஒரே வரி. ஆனால் அதற்குமுன் பதிவானவற்றில் எது உண்மையான மார்ச் 2?

மூன்றாம்பருவம்:
செய்முறைத் தேர்வு. என் தேதி கிளாஸில் நாள், மாதம், ஆண்டு மூன்றுக்கும் தனித்தனி செட்டர் (மதிப்பை மாற்றும் செயல்கூறு), ஒவ்வொன்றிலும் தேதி செல்லுமா என்ற சோதனை. 31/01/2024-ஐ 15/02/2024 ஆக்கச் சொன்னார் தேர்வாளர். மாதத்தை மாற்றியதும் பிப்ரவரி 31 என்று பிழை. நாளை முதலில் மாற்றும்படி வரிசையைத் திருப்பினேன். "இப்போது இதையே 31/03 ஆக்கு" என்றார். மறுபடியும் பிப்ரவரி 31. விடை தெரியாமல் நின்றேன்.

பழையகணக்கு:
கரிசல்காரன், அந்த ஒரு வரியோடு நிறுத்தியது தவறு. 2014-இல் ஜாவா 8 வந்தபோதே புதிய தேதி நூலகம் வந்துவிட்டது. அதிலும் கவனம் வேண்டும்: தேதியின் வடிவத்தை மட்டும் கொடுத்து, அதன் லோக்கல்டேட்டை வைத்து எழுத்தைத் தேதியாக மாற்றினால் (பார்ஸ்), இயல்புநிலை ஸ்மார்ட் (தானே சரிக்கட்டும் முறை) என்பதால் உங்கள் பிப்ரவரி 30 சத்தமில்லாமல் 28 ஆகிவிடும். ஸ்ட்ரிக்ட் (கண்டிப்பான முறை) என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அப்போது வடிவத்தில் ஆண்டுக்கு நான்கு 'ஒய்' (y) போட்டால் சகாப்தம் எது என்று கேட்டுப் பிழை தரும். நான்கு 'யூ' (u) போடுங்கள்.

தங்கை, செட்டர்களை எடுத்துவிடம்மா. நாள் செல்லுமா என்பதை மாதமும் ஆண்டும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. மூன்றையும் ஆப்ஜெக்டை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரிலேயே வாங்கிச் சோதி; தேதி மாற வேண்டுமானால் புதிய ஆப்ஜெக்டை உருவாக்கு. 100-ஆல் வகுபடும் ஆண்டு 400-ஆலும் வகுபட்டால்தான் லீப். நான் 4-ஆல் மட்டும் வகுத்துப் பார்த்து, 1900 பிப்ரவரி 29-ஐ ஒரு பதிவேட்டில் ஏற்றியவன்.

மூன்றாம்பருவம்:
நன்றி அண்ணா. அன்று தேர்வாளர் எதிர்பார்த்தது இதைத்தான் என்று இப்போது புரிகிறது.

கரிசல்காரன்:
ஓட்டிப் பார்த்தேன். 28-தான் வருகிறது. ஐயா, இதுவும் ஒருவரின் பிறந்தநாளை மாற்றுவதுதானே? அன்று அந்தப் பெண் பிரித்துவைத்த மார்ச் 2 அட்டைகள் பதினொன்று. காகிதப் படிவத்தோடு ஏழைத்தான் ஒப்பிட முடிந்தது. மற்ற நான்கின் படிவங்கள் கடைசிவரை கிடைக்கவில்லை.