துறவி கண்டுபிடிக்காத ஷாம்பெயினுக்கு ஒரு திருத்தல ஊர்: ஓவில்லேர் பற்றி ஒரு வழக்கு

பழையகணக்கு:
பிரான்ஸின் ஷாம்பெயின் வட்டாரத்தில், எபெர்னே நகருக்கு எதிரே, மார்ன் நதியைப் பார்த்தபடி குன்றுச் சரிவில் இருக்கிறது ஓவில்லேர். ஆயிரம் பேர்கூட இல்லாத கிராமம். ஆனாலும் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். இங்கிருந்த மடத்தின் துறவி டோம் பெரினியோன்தான் நுரைக்கும் ஒயினான ஷாம்பெயினைக் கண்டுபிடித்தார் என்ற கதை அவர்களை இழுக்கிறது.

அது பொய். அவர் இந்த மடத்துக்கு வந்தது 1668இல். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1662இல், கிறிஸ்டோபர் மெரெட் என்ற ஆங்கிலேயர் சர்க்கரை சேர்த்து ஒயினை நுரைக்க வைக்கும் வழக்கத்தைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை அளித்துவிட்டார். நம் துறவியோ நுரையை ஒழிக்கப் பாடுபட்டவர். அந்த ஊர்க் குளிரில் நின்றுபோகும் நொதித்தல், வசந்தம் வந்ததும் சீசாவுக்குள்ளேயே மறுபடி தொடங்கும். வாயு பெருகி ஒரு சீசா வெடித்தால் பக்கத்தில் இருப்பவையும் சேர்ந்து சிதறும். மடத்தின் ஒயின் நிலவறைக்குப் பொறுப்பான அவருக்கு இது தலைவலியே தவிர, சாதனை அல்ல.

கதையைக் கட்டியவர் அதே மடத்தில் பிற்காலத்தில் இருந்த டோம் க்ரூசார். பிரெஞ்சுப் புரட்சியில் மடம் பறிபோய், துறவி மறைந்தும் நூறு ஆண்டுகள் கடந்தபின், 1821இல் பழம்பெருமை பேசி ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கிராமம் தொங்குகிறது. இதை விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி.

செங்கைவாசகி:
ஐயா, கண்டுபிடிக்கவில்லை என்பதோடு நிறுத்துங்கள். ஒன்றுமே செய்யாதவர்போல் எழுதாதீர்கள். கறுப்புத் திராட்சையை மெல்ல அழுத்தி, தோலின் நிறம் இறங்காமல் வெள்ளை ஒயின் எடுக்கும் கலையைச் செம்மைப்படுத்தியவர்களில் அவர் முக்கியமானவர். வெவ்வேறு தோட்டங்களின் பழங்களை ஆலைக்குப் போகும் முன்பே கலந்து பார்த்தவர். ஷாம்பெயினின் உயிர்நாடியே கலவைதான், இல்லையா?

தவிர, இந்த ஊர் கதையால் பிழைப்பது புதிதல்ல. 650ஆம் ஆண்டளவில் ரான்ஸ் பேராயர் நிவார் நிறுவிய மடம் இது. ஒரு புறா இடம் காட்டியதாம். 9ஆம் நூற்றாண்டில் ரோமிலிருந்து பேரரசர் கான்ஸ்டன்டைனின் தாயான புனித எலெனாவின் உடல் எச்சத்தை ஒரு துறவி திருடிக்கொண்டு வந்தார். அதைத் தரிசிக்கத் திருயாத்திரிகர்கள் திரண்டார்கள். அன்று எலெனா, இன்று பெரினியோன். இதில் யாருக்கு என்ன நட்டம்?

பனங்காட்டான்:
மதுவுக்குப் புராணம் பாட இவ்வளவு பேரா? நாட்டில் பேச வேறு பொருளே இல்லையா?

செங்கைவாசகி:
யாரும் யாருக்கும் ஊற்றிக் கொடுக்கவில்லை, அண்ணா. விவசாயத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பழையகணக்கு:
கலவை என்கிறீர்கள். கலப்பதற்கு அத்தனை ஊர்ப் பழம் மடத்துக்கு எப்படி வந்தது? சுற்றுவட்டாரத்து விவசாயிகள் தசமபாகமாக, அதாவது மடத்துக்குச் செலுத்தும் விளைச்சல் வரியாக, கொட்டிய பழமும் அதில் உண்டு. அவர்களின் முதுகில் ஏறி நின்ற மேதைமை அது.

யாருக்கு நட்டம் என்று கேட்டீர்களே, 1911க்கு நட்டம். வேர்ப்பூச்சி கொடிகளை அரித்துக்கொண்டிருந்த காலம். தொடர்ந்து சில ஆண்டுகள் விளைச்சல் பொய்த்தது. 1910இல் அறுவடை என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அப்போதும் சில வணிகர்கள் வெளி வட்டாரங்களிலிருந்து மலிவு ஒயினையும் திராட்சையையும் இறக்கி, ஷாம்பெயின் என்று சீட்டு ஒட்டி விற்றார்கள். 1911 ஜனவரியில் டாமெரியிலும் இதே ஓவில்லேரிலும் விவசாயிகள் கிளம்பினார்கள். சரக்கை மறித்தார்கள், கலப்படக்காரர்களின் கிடங்குகளுக்குள் புகுந்தார்கள், பீப்பாய்களை மார்ன் நதியில் தள்ளினார்கள். ஷாம்பெயின் என்ற பெயருக்கு இன்று இருக்கும் சட்டக் காவலில் இவர்களின் பங்கு பெரியது. வந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

செங்கைவாசகி:
ஏப்ரலில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். பக்கத்து ஊரான ஆயியில் வணிகர்களின் வீடுகளும் நிலவறைகளும் தீக்கிரையாயின, ராணுவம் இறங்கியது. தீ வைத்தவர்கள் யார் யோக்கியன், யார் கலப்படக்காரன் என்று விசாரித்தா வைத்தார்கள்? அதுவும் எதற்காக? ஓப் மாவட்டத்து விவசாயிகளை ஷாம்பெயின் என்ற பெயருக்கு உரிய எல்லைக்கு வெளியே நிறுத்த 1908இல் போட்ட கோடு அழியப்போகிறது என்ற கோபத்தில். ஓப் விவசாயியும் விவசாயிதான். அவர்களை முழுமையாகச் சேர்த்துக்கொள்ள 1927 வரை ஆயிற்று. உங்கள் வீரர்களும் புனிதர்கள் அல்லர்.

மார்ன்கரை:
நான் ரான்ஸில் குடியிருக்கிறேன், அந்தப் பக்கம் அறுவடைக்குக் கூலியாகப் போனவன். இரண்டு பேரும் வரலாற்றில் நிற்கிறீர்கள். நான் தோட்டத்திலிருந்து சொல்கிறேன்.

இங்கே இயந்திர அறுவடைக்கு அனுமதி இல்லை. கறுப்புத் திராட்சையின் தோல் கிழிந்தால் சாற்றில் நிறம் ஏறிவிடும் என்பதால் குலை குலையாகக் கையால்தான் வெட்ட வேண்டும். கொடிகள் இடுப்பளவுதான் இருக்கும். குலையோ முழங்கால் உயரத்தில் தொங்கும். நாள் முழுக்கக் குனிந்தோ குந்தியோதான் வேலை. இடக்கையால் குலையைத் தாங்கி வலக்கையால் கத்தரி போடும்போது, இலை மறைவில் இருக்கும் சொந்த விரலையே பலர் வெட்டிக்கொள்வார்கள். ஆலையில் 4,000 கிலோவை ஒரே தடவையாகக் கொட்டுவார்கள். முதலில் வரும் 2,050 லிட்டர்தான் உயர்தரச் சாறு. அடுத்த 500 லிட்டர் இரண்டாந்தரம். அதற்குமேல் பிழிந்தால் அது ஷாம்பெயின் ஆகாது.

இப்போது துறவிக்கு வருகிறேன். 1911க்குப் பிறகு ஊர் ஊராகத் தரவரிசை போட்டுத்தான் நெடுங்காலம் திராட்சைக்கு விலை பிரித்தார்கள். ஆயிக்கு முழு விலை, நூறு சதவீதம். துறவி 47 ஆண்டுகள் வாழ்ந்த ஓவில்லேருக்கு 93. அவ்வளவு பெரிய பெயர் அந்த ஊர் விவசாயியின் பழத்துக்கு ஒரு காசு கூட்டவில்லை. கூட்டியது யாருக்கு? மடத்து வளாகம் மொயெட் ஷாண்டோன் என்ற பெரிய ஷாம்பெயின் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. 1921ஆம் ஆண்டு அறுவடையைத் துறவியின் பெயரிட்ட சீசாவில் அடைத்து 1930களில் சந்தைக்கு அனுப்பினார்கள். இன்றும் அந்தப் பெயர் அவர்களுடையது.

செங்கைவாசகி:
தம்பி சொல்வது வலுவான வாதம்தான், ஆனால் பாதிக் கணக்கு. ஷாம்பெயின் நிலத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் விவசாயக் குடும்பங்களின் கையில். ஹெக்டேர் பத்து லட்சம் யூரோவைத் தாண்டி விற்கிறது. அந்த மவுசு மண்ணிலிருந்து மட்டும் வந்ததா? பெரிய சீசாக்களின் புகழ் சின்னத் தோட்டத்தின் விலையையும் தூக்கியிருக்கிறது.

மார்ன்கரை:
அக்கா, அந்த விலை விற்கிறவனுக்குத்தான் லாபம். அப்பா இறந்து மூன்று பிள்ளைகள் பங்கு கேட்டால், தோட்டத்தில் நிற்கிற பிள்ளை மற்ற இருவரின் பங்கை எதைக்கொண்டு வாங்குவான்? வாரிசு வரி வேறு. கடைசியில் பெரிய கைகள்தான் வாங்கும். நிலம் விவசாயியிடம் இருக்கிறது என்கிறீர்கள். ஆனால் விற்பனையாகும் சீசாக்களில் ஏறக்குறைய 70 சதவீதம் நிறுவனங்களுடையவை.

பழையகணக்கு:
ஆக, கதையால் ஊருக்கு ஆதாயம் இல்லை என்று தம்பியே சொல்லிவிட்டார்.

மார்ன்கரை:
அப்படிச் சொல்லவில்லை, ஐயா. தெருவில் வீட்டுக்கு வீடு இரும்புப் பலகை தொங்கும். அந்த வீட்டுக்காரர் என்ன தொழில் செய்கிறார் என்பதைப் படமாக வெட்டியிருப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நடக்கிறவர்கள் சின்ன விவசாயியின் கதவையும் தட்டி ஆறு சீசா வாங்கிப் போகிறார்கள். பழத்தை விற்பதைவிட அது அவருக்கு மேல். துறவியை ஊரைவிட்டுத் துரத்த எனக்குச் சம்மதம் இல்லை.

செங்கைவாசகி:
துரத்த வேண்டிய அவசியமே இல்லை. கோயிலுக்குள் கறுப்புக் கல்லில் அவர் கல்லறை வாசகம் லத்தீனில் இருக்கிறது. 47 ஆண்டுகள் நிலவறைப் பொறுப்பு வகித்தவர், மடத்தின் சொத்தைப் பெரும் புகழோடு நிர்வகித்தவர், ஏழைகள்மீது தந்தைபோல் அன்பு காட்டியவர், 1715இல் தம் 77ஆம் வயதில் மறைந்தார். நுரை, ஷாம்பெயின், கண்டுபிடிப்பு எதைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. ஊர் பொய்யைக் கல்லில் வெட்டவில்லை, பழையகணக்கு ஐயா.

பழையகணக்கு:
கல் பொய் சொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கல்லுக்கு முன் நின்று வழிகாட்டி என்ன சொல்கிறார் என்பதுதான் என் வழக்கு. ஏழைகள்மேல் அன்பு என்று கல்லில் இருக்கிறது. தசமபாகம் கொடுத்தவர்களிடம் கேட்டு வெட்டியதா அது?