மூன்றாம் நாள் காய்ச்சல்: அன்டிபயோட்டிக் பாணி கொடுக்கலாமா?

வெள்ளவத்தை கயல்:
இரண்டரை வயது மகனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், இருமல். சளியும் பச்சையாகிவிட்டது. டொக்டர் "வைரஸ்தான், பனடோல் போதும்" என்று அனுப்பிவிட்டார். போன முறை வேறொருவர் அமொக்சிசிலின் என்ற அன்டிபயோட்டிக் பாணி தந்தார், இரண்டே நாளில் காய்ச்சல் விட்டது. அதையே பாமசியில் வாங்கிக் கொடுத்தால் என்ன?

கொட்டாஞ்சேனை அப்பா:
வேண்டாம் தங்கச்சி. அன்டிபயோட்டிக் பக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. போன முறை காய்ச்சல் தானாக விடுகிற நேரத்தில் மருந்து கொடுத்திருப்பீர்கள், பெயர் மருந்துக்குப் போய்விட்டது. தடிமனில் சளி பச்சையாவது வழமை.

நாங்கள் பட்டதைச் சொல்கிறேன். மூத்தவளுக்குக் கலக்கிய பாணியில் பாதி மிச்சம். பிரிட்ஜ் கதவில் கிடந்ததை மூன்று வாரம் கழித்துச் சின்னவளுக்குக் கொடுத்தோம். தடிமன் அப்படியே இருந்தது, வயிற்றோட்டமும் சேர்ந்துகொண்டது. அன்று எட்டுத் தரம் உடுப்பு மாற்றினேன்.

பம்பலப்பிட்டி சுதா:
சொல்வது லேசு அண்ணா. என் அக்காவின் பிள்ளைக்கும் வைரஸ் என்றுதான் சொன்னார்கள். ஆறாம் நாள் நிமோனியா. ஒட்சிசன் குழாயோடு அவளைப் பார்த்த எனக்கு "பொறுத்துப் பார்ப்போம்" என்ற பேச்சே பிடிக்காது.

கொட்டாஞ்சேனை அப்பா:
அந்தப் பயம் நியாயம். ஆனால் தடிமனுக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டால் நிமோனியா வராது என்று நம்பியிருக்க முடியாது. மூச்சைப் பாருங்கள். பிள்ளை நித்திரையில் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். இந்த வயதில் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், அல்லது மூச்செடுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பக்கம் குழிந்தால், உடனே ஆஸ்பத்திரி.

பாமசிக்காரன்:
கொழும்பில் இருந்துகொண்டு டெங்குவை விட்டுவிட்டீர்களே! மூன்றாம் நாளென்றால் எப்பிசி (இரத்த அணுக்களை எண்ணும்) இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் ஆபத்தே தொடங்கும். அன்டிபயோட்டிக் கொடுத்த வீட்டில் "மருந்து பிடித்துவிட்டது" என்று நிம்மதியாகிவிடுவார்கள். இபுபுரூபன் என்ற காய்ச்சல் மருந்தும் கொடுக்க வேண்டாம்.

பம்பலப்பிட்டி சுதா:
டெங்கு விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதைக் கண்டால் திரும்பி வர வேண்டும் என்று டொக்டர் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாமே? சொல்லாமல் அனுப்புவதால்தான் நாங்கள் பாமசிக்கு ஓடுகிறோம். வேலைக்குப் போகிற தாய்க்கு எத்தனை நாள் லீவு தருவார்கள்?

வெள்ளவத்தை கயல்:
இப்போதுதான் எண்ணினேன், 32. காலையில் எப்பிசிக்குக் கூட்டிப் போகிறேன்.