புதுப்பிப்பு: ட்ரோம்சோ போய் வந்தாச்சு, ஒளியும் பார்த்தாச்சு

அக்டோபரில் கேட்டிருந்தேனே, நார்வேயின் ட்ரோம்சோவில் பகலில் ஊரைச் சுற்றிக் காட்டி இரவில் துருவ ஒளி (வானில் பச்சையாக ஆடும் அரோரா) பார்க்கக் கூட்டிப் போகும் ஒருநாள் பயணம் எடுக்கலாமா, நாமே போகலாமா என்று. எடுத்தோம். பகல் என்பதுதான் தமாஷ், டிசம்பரில் அங்கே சூரியன் உதிப்பதே இல்லை, நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் நீல வெளிச்சம், அதற்குள் பாலம், 421 மீட்டர் உயரத்துக்கு ஏறும் கேபிள் கார், 1965-இல் திறந்த ஆர்க்டிக் கதீட்ரல் (பெயர்தான் கதீட்ரல், உண்மையில் பங்குக் கோயில்) எல்லாம் முடித்தாக வேண்டும்.

இரவில் ஊருக்கு மேல் ஒரே மேகம். வழிகாட்டி வானிலை வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து வண்டியைப் பின்லாந்து எல்லைப் பக்கம் விட்டார், கடலை விட்டு உள்ளே போனால் வானம் தெளிந்திருக்க வாய்ப்பு அதிகமாம், இரண்டரை மணி நேரம், பாதிப் பேர் தூங்கிவிட்டோம். பனிச்சாலையில் நாமே கார் ஓட்டிப் போயிருந்தால் நடந்திருக்காது. ஒளி முதலில் சாம்பல் மேகம் மாதிரிதான் இருந்தது, கேமராவில்தான் பச்சை. அப்புறம் ஒரு பத்து நிமிடம் வெறும் கண்ணுக்கே பச்சையாக ஆடியது பாருங்கள், யாரும் பேசவில்லை.

பயணக்காரர்கள் கொடுத்த பூட்ஸ் மட்டும் எனக்குச் சிறியது, விரல்கள் மரத்துப்போயின. கால் அளவை முன்பே சொல்லிவிடுங்கள்.