ரேவதி கல்லூரிக்கா, கம்பெனிக்கா?

குழு: கடலையூர் ரோடு சொந்தங்கள்
ஞாயிறு, காலை 9:10

மீனாட்சி: எல்லோருக்கும் வணக்கம். ரேவதிக்குச் சென்னைப் பக்கம் ஒரகடம் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பிளஸ் டூ போதுமாம். கைக்கு 14,500 ரூபாய். தங்குமிடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இங்கே அரசுக் கல்லூரியில் பி.காம். பட்டியலிலும் பெயர் வந்திருக்கிறது. இவரைக் கேட்டால் "உன் இஷ்டம்" என்கிறார். பெரியவர்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கணேசன்: இதில் யோசிக்க என்ன இருக்கிறது மதினி? அண்ணனுக்கு ஆலையில் வாரம் மூன்று நாள்தான் வேலை. லைட்டர் வந்ததிலிருந்து தீப்பெட்டித் தொழில் படுத்துவிட்டது. 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டரை இறக்குமதி செய்யக் கூடாது என்று 2023இல் தடை போட்டார்கள். பெட்டிக்கடையில் போய்ப் பாருங்கள், சரம் சரமாகத் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிற லட்சுமியைக் கல்லூரி வாசலில் நிறுத்தி வைக்காதீர்கள்.

சண்முகம்: (முன்னனுப்பிய செய்தி) பட்டம் பெற்றவன் வேலை தேடுகிறான். படிக்காதவன் அவனுக்கு வேலை கொடுக்கிறான். உண்மை என்றால் பத்துப் பேருக்கு அனுப்புங்கள்!! 🙏🙏

கார்த்திக்: அப்பா, இதைப் போன வாரமும் அனுப்பினீர்கள்.

சண்முகம்: உனக்காகத்தான் அனுப்பினேன்.

முத்து: அத்தான், நீங்கள் பி.ஏ. வரலாறு படித்துவிட்டு இதை அனுப்பலாமா?

சண்முகம்: படித்ததால்தான் அனுப்புகிறேன் முத்து. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் புதுப்பித்தேன். பதிவு மூப்பு போய்விடக் கூடாதே என்று காய்ச்சலோடு வரிசையில் நின்றிருக்கிறேன். மூப்பு போகவில்லை, வயதுதான் போனது. கடைசியில் சோறு போட்டது நோட்டுப் புத்தகக் கடை.

கார்த்திக்: அரசாங்கமே விலை போட்டு வைத்திருக்கிறதே. பதிந்து ஐந்து வருடம் வேலை கிடைக்காவிட்டால் மாத உதவித்தொகை பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. ஆக, மூன்று வருடக் கல்லூரிக்கு 200 ரூபாய் கூடுதல். என்னைப் போல் பி.இ. படித்தவனுக்கு அதுவும் கிடையாது, தொழிற்படிப்பாம்.

கணேசன்: கேட்டீர்களா மதினி? வீட்டுப் பிள்ளையே சொல்கிறான்.

முத்து: நான் ஒன்று சொல்கிறேன் மீனா. பத்தாம் வகுப்போடு இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தேன். அதற்குப் பத்தாம் வகுப்பு போதும். நேரடி எஸ்.ஐ. தேர்வுக்குப் பட்டம் வேண்டும். ஏட்டாகி, தலை நரைத்த பிறகு எங்கள் ஸ்டேஷனுக்கு 24 வயதுப் பையன் எஸ்.ஐ.யாக வந்தான். நல்ல பையன்தான். எஃப்.ஐ.ஆர். எழுதுவது எப்படி என்று என்னிடம்தான் கேட்பான். நான் சொல்லச் சொல்ல எழுதி, கீழே கையெழுத்துப் போடுவான். பிறகு நான் எழுந்து நின்று சல்யூட் அடிப்பேன். வேலை தெரிந்தவன் நான், நாற்காலி அவனுக்கு. பட்டம் வேலை வாங்கித் தருமா என்பது எனக்குத் தெரியாது. அது இல்லாவிட்டால் எந்தக் கோட்டோடு நம்மை நிறுத்துவார்கள் என்பது தெரியும்.

சித்ரா: அப்பா, இதை வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லையே.

முத்து: நீ கேட்டதில்லை.

சித்ரா: அத்தை, நான் ஆள் எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அங்கே நடப்பதைச் சொல்கிறேன். போன மாதம் எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவுக்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அறுநூறு விண்ணப்பம் வந்து குவிந்தது. அத்தனையையும் யார் படிப்பது? கம்ப்யூட்டரில் "பட்டம்" என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டேன், பாதி காணாமல் போயிற்று. அந்தப் பாதியில் என்னைவிடக் கெட்டிக்காரப் பெண் இருந்திருக்கலாம். அவள் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. நல்ல காலத்தில் பத்து விண்ணப்பம்தான் வரும், பட்டம் இல்லாதவரையும் கூப்பிட்டுப் பேசுவோம். வேலை குறையக் குறையச் சல்லடைக் கண் சிறுத்துக்கொண்டே போகிறது.

கணேசன்: அப்படியென்றால் பட்டதாரிகள் எல்லோரும் வேலையில் இருக்க வேண்டுமே அம்மா? என் லேத் பட்டறைக்கு ஆறு மாதமாக ஒரு வெல்டர் தேடுகிறேன், ஆள் கிடைக்கவில்லை. பி.இ. முடித்தவன் வந்து "ஏ.சி. அறை உண்டா" என்று கேட்கிறான்.

கார்த்திக்: சித்தப்பா சொல்வதற்குக் கணக்கும் இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2024 அறிக்கையில் படித்தேன். 2022இல் இந்திய இளைஞர்களில் பட்டதாரிகளிடையே வேலையின்மை 29.1 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடையே 3.4தான்.

கணேசன்: அப்புறம் என்ன! படிக்காமலே இருந்திருக்கலாம்.

சித்ரா: அந்த 3.4ஐ வைத்துச் சந்தோஷப்படாதீர்கள் சித்தப்பா. அவர்களுக்கு நல்ல வேலை கிடைத்துவிட்டது என்று பொருள் இல்லை. சும்மா இருந்தால் அடுப்பு எரியாது, அதனால் சித்தாள் வேலையோ களையெடுப்போ, கிடைத்ததற்குப் போகிறார்கள். பட்டதாரிக்கு வீட்டில் சோறு இருக்கிறது, காத்திருக்கிறான். ரேவதி விஷயத்தில் கேட்க வேண்டியது, அவளைக் காத்திருக்க வைக்க இந்த வீட்டால் முடியுமா என்பதுதான்.

மீனாட்சி: அதுதான் அம்மா எனக்கும் ராத்திரி தூக்கம் இல்லை. நகைக் கடன் வட்டி கட்ட வேண்டும்.

கார்த்திக்: சித்தி, நான் ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவும் படித்துக்கொள்ளட்டும். எனக்கு ஒரகடத்தில் இப்போது வேலை கிடைத்ததே, அது பி.இ.க்குக் கிடைத்ததில்லை.

சண்முகம்: என்ன சொல்கிறாய்?

கார்த்திக்: நான் டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ. சேர்ந்தவன் இல்லையா? விளம்பரத்தில் "டிப்ளமோ மட்டும், பி.இ. முடித்தவர்கள் வர வேண்டாம்" என்று போட்டிருந்தார்கள். பி.இ.க்காரன் நிற்க மாட்டான், வேறு வேலை கிடைத்தால் ஓடிவிடுவான் என்று பயம். டிப்ளமோ சான்றிதழை மட்டும் கோப்பில் வைத்து, பி.இ. சான்றிதழைப் பெட்டிக்கு அடியில் துணிக்குள் சுற்றி வைத்துவிட்டுப் போனேன். "டிப்ளமோ முடித்து மூன்று வருடம் என்ன செய்தாய்?" என்று கேட்டார்கள். "அப்பாவின் கடையைப் பார்த்துக்கொண்டேன்" என்றேன். லைனில் என் பக்கத்தில் நிற்கிற நான்கு பேரில் இரண்டு பேர் இப்படித்தான். ஒருவருக்கொருவர் தெரியும், வாய்விட்டுச் சொல்ல மாட்டோம்.

சண்முகம்: உன் படிப்புக்கு நான் கட்டிய கல்விக் கடன் இன்னும் முடியவில்லையடா.

கார்த்திக்: தெரியும் அப்பா. அதற்குத்தான் போனேன்.

(இருபது நிமிடம் யாரும் எழுதவில்லை. கணேசன் ஏதோ அனுப்பி அழித்திருக்கிறார்.)

ரேவதி: அண்ணா, நீங்கள் இருப்பது அந்தப் பக்கம்தானே. எனக்குச் சொன்ன வேலை எப்படிப்பட்டது?

கார்த்திக்: அது தெரியாமல் எதையும் முடிவு செய்யாதே. சம்பளச் சீட்டில் யார் பெயர் வரும் என்று முதலில் கேள். கம்பெனி பெயரா, ஒப்பந்தக்காரர் பெயரா? பி.எஃப். பிடிப்பார்களா? ஒப்பந்தம் எத்தனை மாதம்? ஆர்டர் குறைந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்புவது ஒப்பந்த ஆட்களைத்தான். நின்றுகொண்டே வேலை, வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். கெட்ட வேலை என்று சொல்ல மாட்டேன். அந்தச் சம்பளத்தில் தம்பியைப் படிக்க வைக்கிற பெண்கள் அங்கே இருக்கிறார்கள்.

ரேவதி: வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் பி.காம். படித்தால்?

சித்ரா: படிக்கலாம். பிளஸ் டூ முடித்துவிட்டுச் சேர்கிறாய், அதனால் டி.என்.பி.எஸ்.சி. அரசு வேலைத் தேர்வில் 10, 12, பட்டம் என்று வரிசையாகப் படித்திருக்க வேண்டும் என்ற விதியால் சிக்கல் இல்லை. ஆனால் நீ ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. கல்லூரியில் நேரடியாகச் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் கணக்குக்கு வரும். அஞ்சல் வழிக்கு அது கிடையாது. இரவு ஷிப்ட் முடித்து வந்து காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தைத் திறப்பதும் எளிதில்லை.

கணேசன்: ஆயிரம் எங்கே, பதினாலாயிரம் எங்கே?

முத்து: கணேசா, அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புதான் தகுதி. 2024இல் 20 லட்சத்துக்கும் மேல் விண்ணப்பித்தார்கள், அதில் எத்தனை பட்டதாரிகள், எத்தனை பி.இ. இந்தப் பிள்ளை வெறும் பிளஸ் டூவோடு அந்தக் கூட்டத்தில்தான் நிற்க வேண்டும். குரூப் 2, வங்கிக் கிளார்க் தேர்வு எல்லாவற்றுக்கும் பட்டம் இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது.

கணேசன்: அந்த வாசலிலும் கூட்டம்தானே அண்ணாச்சி?

முத்து: கூட்டம்தான். ஆனால் இரண்டு வாசல்.

ரேவதி: எல்லோரும் பேசிவிட்டீர்கள், நான் சொல்லட்டுமா? நான் கல்லூரிக்குப் போகிறேன். வெறும் பி.காம். போதாது என்று எனக்கும் தெரியும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஆடிட்டர் அலுவலகத்தில் மாலையில் பில் ஏற்ற ஆள் கேட்டிருக்கிறார்கள், மாதம் 4,000. ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடவும் அங்கேயே கற்றுக்கொள்ளலாம். காலையில் டைப்ரைட்டிங் போவேன், டைப்பிஸ்ட் பதவிக்கு உதவும். புதுமைப் பெண் பணமும் சேர்ந்தால் 5,000. நகை வட்டிக்கு அது போதுமா அம்மா?

மீனாட்சி: வட்டிக்குப் போதும். அசல் அப்படியே நிற்கும்.

கணேசன்: எனக்கு இது சரியாகப் படவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் சம்பாதித்துவிட்டு அடுத்த வருடம் சேரலாம்.

சித்ரா: அடுத்த வருடம் சேர்கிறேன் என்று போனவர்களில் திரும்பி வந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை சித்தப்பா.

கணேசன்: பார்க்கலாம். ரேவதி, என் பட்டறை ஜி.எஸ்.டி.க்கு வெளியில் மாதம் 1,500 கொடுக்கிறேன். நீ கற்றுக்கொண்டதும் அதை நீயே பார். அதுவரை தப்பு வந்தால் அபராதம் என் தலையில், ஞாபகம் வைத்துக்கொள்.

ரேவதி: 2,000 தாருங்கள் சித்தப்பா.

கணேசன்: முதலில் கற்றுக்கொள்.

மீனாட்சி: கார்த்திக், அந்தக் கம்பெனிக்கு எப்படிப் பதில் சொல்வது? வேண்டாம் என்று சொன்னால் பின்னால் கூப்பிட மாட்டார்களா?

கார்த்திக்: கூப்பிடுவார்கள் சித்தி, ஆள் தேவைப்பட்டால் அவர்களே வருவார்கள். நாளை நான் பேசிவிடுகிறேன். நீங்கள் மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் மூன்றையும் நான்கு நகல் எடுத்து வையுங்கள். ஆதார் எண் வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த ஆயிரம் வராது.

சண்முகம்: நகலை என் கடையில் எடுத்துக்கொள்ளலாம் மீனா. காசு வேண்டாம்.