பழி யார் தலையில் விழுந்தது? உங்கள் ஆபீஸ் அனுபவம்

எபேன்வாசி:
மொரீஷியஸில், எபேன் சைபர் சிட்டியில் ஒரு பிரெஞ்சு நிறுவனத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தோம். பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற தைப்பூசக் காவடி நாளைக் குறித்தார்கள். இங்கே அன்று அரசு விடுமுறை, கூட்டம் இருக்காதாம். பிரான்ஸில் அது சாதாரண வேலைநாள், பயன்படுத்துபவர்கள் எல்லோரும் அங்கேதான் என்பது தேதி குறித்த யாருக்கும் உறைக்கவில்லை.

ரோல்பேக்கை, அதாவது சொதப்பினால் பழைய சர்வருக்கே திரும்பும் வழியை, ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்கவில்லை, தள்ளிப்போடலாம் என்று உள்ளூர்ப் பையன் ஒருவன் மட்டும் சொன்னான். "மேலே முடிவாகிவிட்டது" என்றார் மேனேஜர். அந்த மீட்டிங்குக்கு மினிட்ஸ் கிடையாது. எழுதி வைக்காததும் ஒரு சாமர்த்தியம்தான்!

காவடிக்கு விரதம் இருந்த பையன் கோயிலுக்குப் போகாமல் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தான். மதியத்துக்குள் எல்லாம் படுத்துவிட்டது. திரும்பிப் போகவும் வழியில்லை. பிறகு வந்த அறிக்கையில் காரணம்: "மனிதத் தவறு". அவன் பெயர் இருந்தது. தேதி குறித்தவர் பெயர் எங்கேயும் இல்லை. பையனுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள்.

பிரிட்டனின் டிஎஸ்பி (TSB) வங்கி 2018-இல் இப்படித்தான் புதிய அமைப்புக்கு மாறி, லட்சக்கணக்கானோர் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். 2022-இல் வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம். அதோடு விடவில்லை. அப்போது தலைமைத் தகவல் அதிகாரியாக இருந்தவருக்கு 2023-இல் தனியாக 81,620 பவுண்டு போட்டார்கள். வேலையை எடுத்துச் செய்த நிறுவனத்தைச் சரியாக மேற்பார்க்கவில்லை என்பதுதான் அவர்மேல் குற்றம். பழி பட்டன் தட்டியவரைத் தாண்டி மேலே ஏறிப் போவதை அங்கேதான் பார்த்தேன்.

ஜோபர்க்காரன்:
தென்னாப்பிரிக்காவில், ஜோஹன்னஸ்பர்க்கில் எங்கள் கதையும் இதே ரகம். மின்வெட்டு அடுத்தடுத்து வந்தால் யூபிஎஸ் பேட்டரி முழுசாக சார்ஜ் ஏறாது, சீக்கிரமே செத்துப்போகும். மாற்றச் சொல்லி எழுதினோம், பட்ஜெட்டில் வெட்டிவிட்டார்கள். 2023-இல் ஸ்டேஜ் 6 என்ற கடுமையான மின்வெட்டு வந்த ஒரு ராத்திரி பேட்டரி கைவிட்டது. மறுநாள் கூட்டத்தில் முதல் கேள்வி, "ஷிப்டில் யார்?" நான் பேசாமல் அந்தப் பழைய மெயிலைத் திரையில் போட்டேன். "சரி, அடுத்த விஷயத்துக்குப் போகலாம்" என்றார்கள்.

எபேன்வாசி:
பேட்டரி?

ஜோபர்க்காரன்:
அதே வாரம் வந்துவிட்டது. ஷிப்டில் இருந்தவரிடம்தான் யாரும் ஸாரி கேட்கவில்லை.