மீட்டர் முள் ஏறுகிறது, படம் வரவில்லை: டிஷ் திருப்பத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். மதுரையில் மொட்டை மாடியில் டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்காக 60 செ.மீ. டிஷ் குடை வைத்திருக்கிறோம். செயற்கைக்கோள் ஜிசாட்-15, கிழக்கு 93.5 பாகை. இங்கிருந்து தென்கிழக்கே திசைக்கோணம் 122, உயரக்கோணம் 68 சுமாருக்கு வருகிறது. எல்என்பிக்கும் (குடைக்கு முன்னால் இருக்கும் சிக்னல் வாங்கி) செட்-டாப் பாக்ஸுக்கும் நடுவில் சிக்னல் பார்க்கும் முள் மீட்டரை மாட்டினால் முள் முழுசாக ஏறி, பீப் சத்தம் காதைக் கிழிக்கிறது. பாக்ஸில் ஸ்ட்ரென்த் இருக்கிறது, குவாலிட்டி மட்டும் பூஜ்யம்.

இந்த மலிவு மீட்டர் எந்தச் செயற்கைக்கோள் கிடைத்தாலும் கத்தும். பக்கத்தில் 95 பாகையில் இருப்பதைப் பிடித்துவிட்டதோ என்று சந்தேகம். மீட்டரின் குமிழைக் குறைத்துவிட்டு மெல்லத் தேடுவதா, எல்என்பியைத் திருகுவதா? எதை முதலில் செய்யலாம்? அப்புறம், ஆஃப்செட் குடைக்கு (எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருப்பது) உயரக்கோணத்தில் எவ்வளவு கழிக்கிறீர்கள்? மதுரைப் பக்கம் வைத்தவர்கள் சொன்னால் நல்லது.