அம்மாவின் அறுபதாவது பிறந்தநாள்: காரங்காட்டில் ஒரு மதியச் சாப்பாடு

அப்பாவுக்கு அறுபது முடிந்தபோது திருக்கடையூர் போனோம். கலச நீர் ஊற்றி, மாலை மாற்றி, சொந்தக்காரர்கள் முப்பது பேருக்குச் சாப்பாடு போட்டோம். ஆல்பம் இன்னும் பீரோவில் இருக்கிறது. இந்த ஆடியில் அம்மாவுக்கு அறுபது முடிந்தது. அதற்கென்று ஒரு சடங்கும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் போட்ட தேதி ஜூன் 1, உண்மையில் பிறந்தது ஆடி மாதம். அதனால் வருடா வருடம் இரண்டு தேதியும் சும்மாவே கடந்து போகும். இந்த முறை விடக்கூடாது என்று நானும் தம்பியும் போனில் பேசிப் பேசி, நல்ல இடமாகப் பார்த்து எல்லோரும் உட்கார்ந்து மதியம் சாப்பிடுவது என்று முடிவு செய்தோம். இடம் தேடியதுதான் பெரும்பாடு. என்னைப் போலத் தேடுகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

தம்பி சென்னையில் இருக்கிறான். அங்கேயே வந்துவிடச் சொன்னான். பழைய ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டல், மொட்டை மாடி ஓட்டல் என்று ஒரு பட்டியலே அனுப்பினான். அவன் பிள்ளைகளுக்கு அதெல்லாம் கொண்டாட்டம்தான். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவை அங்கே அப்படி ஓர் இடத்துக்குக் கூட்டிப் போனது என் மனதை விட்டுப் போகவில்லை. மங்கலான வெளிச்சம், பேச்சே கேட்காத அளவுக்குப் பாட்டு, ஏசி குளிர். அம்மா சேலைத் தலைப்பைக் காது வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு, தட்டில் இருப்பது மீனா கோழியா என்று என்னிடம் கேட்டாள். பரிமாறும் பையன்கள் சுற்றி நின்று கைதட்டிப் பாடியபோது, எழுந்திருக்க வேண்டுமா உட்கார்ந்திருக்க வேண்டுமா என்று தெரியாமல் பாதி எழுந்து நின்றாள். அந்தப் படம் என் போனில் இருக்கிறது. பார்க்கவே மனசு வராது.

அம்மாவுக்கு ராமநாதபுரம் மாவட்டத்தில் முதுகுளத்தூர்ப் பக்கம். மிளகாய் விளையும் ஊர். தேவிபட்டினத்துக்கு வாக்கப்பட்டு வந்து 38 வருடம் ஆகிறது. வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். மீன் வாங்கக் கரைக்குப் போவாள், கடலுக்குள் இருக்கும் நவபாஷாணம் என்ற நவக்கிரகக் கோயிலுக்கு நடைமேடை வழியாகப் போய் வருவாள். படகில் மட்டும் ஏறியதே இல்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். “யாரு ஏத்துனா?” என்றாள். அவ்வளவுதான். சாப்பாடு எங்கே இருந்தாலும் சரி, பக்கத்தில் ஒரு படகு இருக்க வேண்டும் என்று அன்றைக்கே மனதில் குறித்துக்கொண்டேன்.

தனுஷ்கோடியை முதலில் நினைத்தோம். ஓலைக் கொட்டகையில் கண் முன்னால் பொரித்துத் தரும் மீனுக்கு ஈடு கிடையாது. ஆனால் ஆடியில் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று மணலை வாரி இறைக்கும், சோற்றில் பாதி மணலாக இருக்கும். அரியமான் கடற்கரையில் சவுக்குத் தோப்பு நிழல் உண்டு, வீட்டிலிருந்து சமைத்து எடுத்துப் போகலாம். சமைப்பது யார்? அம்மாதான். வேண்டாம். ஏர்வாடிப் பக்கம் பிச்சைமூப்பன்வலசையில் வனத்துறைப் படகில் ஏறிக் கடலுக்குள் மணல்திட்டு வரைக்கும் போய்ப் பவளப்பாறை பார்க்கலாம். அதுதான் வேண்டும் என்று தம்பி பிடிவாதம் பிடித்தான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதில்தான் ஏமாந்து போகிறார்கள். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு கடல். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. கச்சான் வீசும் மாதங்களில் தெற்குப் பக்கம் கொந்தளிக்கும், வடக்குப் பக்கம் குளம் மாதிரிக் கிடக்கும். வாடைக் காற்று பிறந்தால் அப்படியே தலைகீழ். படகில் முதல் தடவை ஏறப்போகும் அறுபது வயது மனுஷியை ஆடியில் தென்கடலுக்குக் கூட்டிப் போக எனக்குத் துணிச்சல் இல்லை. வடக்கே என்ன இருக்கிறது என்று விசாரித்தபோதுதான் கூட வேலை பார்க்கும் அக்கா காரங்காட்டைச் சொன்னார்.

ராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம், திருப்பாலைக்குடி தாண்டி, தொண்டிக்கு முன்னாலேயே பிரியும் ஊர். மீனவக் கிராமம். அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். சாப்பாட்டை ஊர்ப் பெண்கள் சமைத்துத் தருகிறார்கள், ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போனில் பேசிய ஊர்ப் பெண், “எத்தனை பேரு? நண்டு, றாலு, கணவாய் எது வேணும்?” என்று கேட்டார். என்ன மீன் இருக்கும் என்றேன். “அத இப்ப எப்படிச் சொல்றது? வல்லம் கரைக்கு வந்தாத்தான் தெரியும்” என்றார். வல்லம் என்றால் மீன்பிடிப் படகு. அந்த ஒரு பதிலிலேயே எனக்கு இடம் முடிவாகிவிட்டது.

நாள் வெள்ளிக்கிழமை வந்ததால், அம்மா கவிச்சி தொடமாட்டாள் என்று ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினோம். தம்பி குடும்பம் சேது எக்ஸ்பிரசில் விடியுமுன் வந்து இறங்கியது. காரங்காட்டில் படகுத்துறையைப் பார்த்ததும் அம்மா, “ஆத்தி, இதுலயா?” என்றாள். உயிர்காப்பு உடுப்பைச் சேலைக்கு மேல் மாட்டி, கொசுவத்தைச் சொருகிக்கொண்டு ஏறினாள். என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது.

படகு காட்டுக்குள் நுழைந்ததும் சத்தமெல்லாம் அடங்கிவிடுகிறது. இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள். சேற்றிலிருந்து விரல் விரலாக மூச்சு வேர்கள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மொளகா நாத்து பாவுன மாதிரில்ல இருக்கு” என்றாள். படகோட்டி சிரித்துக்கொண்டே, தாழ்ந்திருந்த கிளையை ஒடிக்காமல் வளைத்துப் பிடித்து, “இலைக்கு அடியில தொட்டுப் பாருங்கம்மா” என்றார். பொடி மாதிரி வெள்ளையாக ஒட்டியது. நாக்கில் வைத்தால் உப்பு. வேர் வழியாக ஏறுகிற உப்பை அந்த மரம் இலை வழியாக வெளியே தள்ளிவிடுமாம். அம்மா விரலை மறுபடியும் நாக்கில் வைத்துப் பார்த்தாள். என் கையை எப்போது விட்டாள் என்று தெரியவில்லை. கடல் திறக்கிற இடத்தில் குனிந்து தண்ணீரில் கையை அளைந்துகொண்டிருந்தாள். அப்பா பாட்டுக்கு இஞ்சின் எத்தனை குதிரைத்திறன் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது இலை போட்டிருந்தார்கள். சோறு, நண்டுக் குழம்பு, கணவாய் வறுவல், அன்று வல்லத்தில் வந்த விளமீன் பொரித்தது, ரசம். மசாலாவைக் குறைவாகத்தான் போட்டிருந்தார்கள், மீனுக்கு அதுதான் சரி. அம்மா நண்டு சாப்பிடுவதை நான் முழுசாகப் பார்த்ததே அன்றைக்குத்தான். வீட்டில் எங்களுக்கு உடைத்துக் கொடுத்தே அவளுக்கு ஆறிப் போகும். அன்று பெரிய கால் ஒன்றைக் கடைவாயில் வைத்து ஒரே கடியில் உடைத்து, சதை முறியாமல் உருவி எடுத்தாள். ஓடுகளை இலை ஓரத்தில் வரிசையாக அடுக்கினாள். யாருக்கும் எதுவும் எடுத்து வைக்கவில்லை. இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கினாள்.

பரிமாறிய பெண், “அக்கா, காரம் பத்துமா?” என்று கேட்டார். “காரம் சரியாத்தான் இருக்கு, மொளகாதான் நம்ம முண்டு இல்ல” என்றாள் அம்மா. எந்த ஊர் என்று கேட்டு, முதுகுளத்தூர்ப் பக்கம் என்றதும் அந்தப் பெண் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்குத் தெரியும். அம்மாவுக்கு அது பிறந்த வீட்டுச் சங்கதி. களத்தில் காயப்போடுவது, குண்டு குண்டாகப் பளபளவென்று இருக்கும் பழத்தை மட்டும் பொறுக்குவது என்று விரலை மடக்கி மடக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் நண்டைச் சேறு போகக் கழுவுவதைச் சொன்னார். சென்னையில் இரண்டு மணி நேரம் வாய் திறக்காத அம்மாதான் இவள்.

கேக்கும் வாங்கிப் போயிருந்தோம். வெயிலில் கிரீம் இளகிவிட்டது. வெட்டி, அங்கிருந்த பிள்ளைகளுக்கும் கொடுத்தோம், ஒரு நிமிடத்தில் தீர்ந்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயம். சாப்பாட்டுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். படகுக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது, உச்சி வெயில் தாங்காது. பெரியவர்களுக்குத் தொப்பியோ துண்டோ எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் எதுவும் காட்டுக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடம்பரமாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

மறு வாரம் அம்மா ஒரு கிலோ மிளகாய் வற்றலைத் துணிப்பையில் கட்டிக் காரங்காட்டுக்குக் கொடுத்துவிடச் சொன்னாள். கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அப்பாவுக்குப் பிறந்தநாள் மாசியில் வருகிறது. அதற்குள் தெற்குக் கடல் அடங்கிவிடும், பிச்சைமூப்பன்வலசைக்கு இப்போதே சொல்லி வை என்று தம்பியிடம் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.